சிவிக் ஈகே: ட்ராக்கில் மட்டும் பிறேக் பெடல் உள்ளே போகிறது, எல்லாம் மாற்றியாயிற்று

#1 கோண்டாவில்_ஈகே

வணக்கம். நாலு மாதமாக ஒரே தலையிடி. இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன்.

கார் 1998 ஹொண்டா சிவிக் ஈகே3, ஒன்றரை லீற்றர். வேலை நாட்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய் வருகிற கார்தான். காசு சேர்ந்தால் வருசத்தில் இரண்டு மூன்று தரம் கட்டுக்குருந்தவுக்குக் கொண்டுபோய், பழைய விமான ஓடுதளத்தில் ஓடிப் பழகுவேன். நானூறு கிலோமீற்றருக்கு மேல் போய், அரை நாள் ஓடி, திரும்ப நானூறு. வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

விசயம் இதுதான். மூன்றாவது சுற்றிலிருந்து, நேர்ப்பாதை முடிவில் பிறேக்கை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. அந்த நேரம் வயிற்றைப் பிசையும் பாருங்கள், சொல்லி வேலை இல்லை. உடனே இரண்டாம் தரம் மிதித்தால் கல்லு மாதிரி நிற்கிறது. எல்லா வளைவிலும் வருவதில்லை. ஊரில் ஓடும்போது ஒன்றுமே இல்லை. 80, 90இல் ஸ்டியரிங்கில் சின்ன உதறல் மட்டும் உண்டு.

இதுவரை மாற்றியது: பிறேக் ஒயில் (டொட் 4 தரம், புதுப் போத்தல்), முன் பாட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற கட்டை), மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதித்தால் ஒயிலைத் தள்ளுகிற பம்ப்) கிட். டிஸ்க்கை முதலில் லேத்தில் சீவினேன், அது சரிவராமல் புது டிஸ்க் போட்டேன். ஒயில் குழாயில் காற்று எடுத்தது ஐந்து தரமாவது இருக்கும். இனி எதைக் கழற்றுவது?

#2 கட்டுடை_மார்ச்

அண்ணை, ஒயில் கொதிக்கிறது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. டொட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும், டொட் 4 230இல். தண்ணி உறிஞ்சின பிறகு டொட் 4 155க்கு இறங்கிவிடும். எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் போத்தலைத் திறந்து வைத்தாலே போதும். ரேசிங் ஒயில் 300 பாகைக்கு மேல் தாங்கும். அதைப் போட்டுப் பாருங்கள்.

#3 கோண்டாவில்_ஈகே

தம்பி, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கொதித்தால் பிற்றுக்கு (கார் நிறுத்துகிற இடம்) வந்து நின்ற பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருக்க வேணுமே? எனக்கு ஒரு மிதியில் சரியாகிவிடுகிறது. இரண்டாவது வளைவில் பெடல் நல்லாகவே இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

#4 மானிப்பாய்_கராஜ்

ஒரே ஒரு இடம் என்றால் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும். பிறேக் பிடிக்கிறதுக்கு முந்தி கார் என்ன செய்துகொண்டு வருகிறது? வளைவா, நேரா?

பெடல் மூன்று விதமாகக் கெடும். பெடல் கல்லாக நிற்கிறது, கார் நிற்கவில்லை என்றால் பாட் சூடேறி வழுக்குகிறது. பெடல் சுற்றுக்குச் சுற்று பஞ்சாகிக்கொண்டே போனால் ஒயில் கொதிக்கிறது. முதல் மிதி காற்றில் போய், இரண்டாம் மிதி கல்லானால் பாட் பின்னுக்குத் தள்ளுப்பட்டிருக்கிறது. உமது கதை மூன்றாவது மாதிரித்தான் எனக்குப் படுகிறது. யார் தள்ளுகிறான்? டிஸ்க் தள்ளுகிறது. டிஸ்க் ஏன் ஆடுகிறது? அது பூட்டியிருக்கிற ஹப், சில்லின் நடுக்குடம், ஆடுகிறது.

பிறேக்கைக் கழற்றினது காணும். சில்லைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தீரா?

#5 கோண்டாவில்_ஈகே

அன்று கோன் வைத்துப் போட்ட தடத்தில், நேர்ப்பாதைக்கு முன்னால் நீளமான வலது வளைவு ஒன்று, மூன்றாம் கியரில் முழுதாக மிதித்துக்கொண்டு வருவேன். அதில் பிறேக் இல்லை. அதற்குப் பிறகு முதல் பிறேக், நேர்ப்பாதை முடிவில்.

சில்லை ஆட்டிப் பார்த்தேன். இடது முன் சில்லில் ஏதோ இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. சில்லை வெளியே தள்ள, ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவில் 15 மில்லிமீற்றர் ஸ்பேசரும் போட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

#6 ஸ்காபரோ_மாமா

ஆ, ஸ்பேசர்! அதை ஏனப்பா கடைசியாகச் சொல்கிறாய்.

இங்கே ரொறன்ரோவில் என்னிடம் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. கோடையில் ட்ராக்குக்குக் கொண்டுபோவேன். அந்தக் காரின் முன் ஹப்பை எங்கள் ஆட்கள் பாட் மாதிரித்தான் பார்ப்பார்கள், தேய்கிற சாமான் என்று. ஒட்டுகிற டயர் போட்டு ஓடினால் பேரிங் ஆட்டம் கொடுக்கும், கவனிக்காமல் விட்டால் ஹப்பே வெடிக்கும். எனக்கு முதலில் வந்த அறிகுறியும் உன்னுடையதுதான், வளைவுக்குப் பிறகு நீளமான பெடல். நேர்ப்பாதையில் இடது காலால் பெடலை மெல்லத் தட்டிவிட்டுப் பிறகு பிறேக் பிடிக்கப் பழகினேன். இரண்டு வருசம் அப்படியே ஓடினேன், ஏதோ பெரிய வித்தை கற்ற மாதிரி. பேரிங்கை மாற்றியிருந்தால் அந்த வித்தையே வேண்டியிருக்காது.

ஸ்பேசரைக் கழற்று. அதுதான் பேரிங்கைக் கொல்கிறது.

#7 அறிவியல்நகர்_பிள்ளை

நான் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன், கார் ஓடத் தெரியாது, கணக்கு மட்டும் தெரியும். மன்னிக்க வேணும் மாமா, ஸ்பேசர் விசயத்தில் ஒரு சின்ன எதிர்ப்பேச்சு.

வலது வளைவில் இடது முன் சில்லின் மேல் 400 கிலோ பாரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 4000 நியூட்டன். டயர் அதில் பத்துக்கு ஒன்பது பங்கை பக்கவாட்டில் பிடித்தால் 3600 நியூட்டன். சில்லின் ஆரை 28 சென்ரிமீற்றர். ஆக பேரிங்கை முறுக்குகிற திருப்பம் 1000 நியூட்டன் மீற்றர். ஸ்பேசர் 15 மில்லிமீற்றரால் வருவது 4000ஐ 0.015ஆல் பெருக்கினால் வெறும் 60. அதுவும் வெளிச்சில்லில் இரண்டும் எதிரெதிர்த் திசை. பக்கவாட்டு விசை சில்லின் அடியை உள்ளே தள்ளுகிறது, நிலைக்குத்துப் பாரம் அதை வெளியே இழுக்கிறது. அதனால் அந்த வளைவில் ஸ்பேசர் பேரிங்குக்குக் கொஞ்சம் உதவியே செய்கிறது!

கிடங்கில் விழும்போதுதான் கதை மாறும். நேராகப் போகும்போது சமன்செய்யப் பக்கவாட்டு விசை இல்லை, அடி முழுவதும் நெம்புகோலோடு பேரிங்குக்கு. ஊர் வீதிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பெடல் கணக்கு: கலிப்பர் (பாட்டை டிஸ்க்கில் அழுத்துகிற இடுக்கி) பிஸ்டன் 54 மில்லிமீற்றர், மாஸ்டர் சிலிண்டர் 20 சொச்சம் என்றால் பரப்பு ஏழு மடங்கு. பெடல் நெம்பு நாலு மடங்கு என்று எடுத்தாலும், பிஸ்டன் அரை மில்லிமீற்றர் பின்வாங்கினால் பெடல் 14 மில்லிமீற்றர் கூடுதலாகப் போகும். ஒரு சில்லுக்கு மட்டும் இது.

அண்ணாவிடம் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை ஊசியில் காட்டுகிற அளவி) இருக்கிறதா? கையால் ஆட்டிப் பார்ப்பதில் இந்த அளவுகள் பிடிபடாது.

#8 ஸ்காபரோ_மாமா

பிள்ளை, கணக்கில் தோற்றுவிட்டேன். ஆனாலும் ஸ்பேசரைக் கழற்றத்தான் சொல்வேன். சில்லுப் பூட்டுகிற ஸ்டட்டில் நட்டு பிடிக்கிற புரி குறைகிறது, ஹப்பின் நடு வளையத்தில் சில்லு உட்காராமல் போகிறது. அதற்குக் காரணம் வேறு, தண்டனை அதேதான்.

#9 ஏ40_பெரியவர்

உங்கள் கதைகளை வாசித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பொருளாதாரத் தடை நேரம் எங்கள் ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய்ப் புகைதான். பிறேக் பிடித்தால் கடவுள் கிருபை, பிடிக்காவிட்டால் வேலி. அந்த வேகத்துக்கு வேலியும் தாங்கியது. பழைய ஹப்பில் மூடியைத் தட்டி எடுத்து, கிறீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்கி, பூட்டுப் பின் குத்திவிட்டால் முடிந்தது. இப்போது எல்லாம் மூடி முத்திரை குத்தின பேரிங். கண்ணால் பார்க்க முடியாது.

ஒன்று மட்டும். இதைச் சோதிக்கிறேன் என்று யாரும் வல்லை வெளி நேர் வீதிக்குப் போகாதீர்கள். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவைக் காரோட்டப் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டுப் பாய்ந்து ஏழு உயிர் போனது. அதன் காரணத்தைப் பற்றி நான் கதைக்கவில்லை. வேடிக்கை பார்க்கிற சனம் கரையில் நிற்கிற நாடு இது என்பதுதான்.

#10 கோண்டாவில்_ஈகே

டயல் கேஜ் ஒரு சிநேகிதனின் லேத் பட்டறையில் கிடைத்தது. காந்தக் கால் வைத்தது. ஞாயிறு முழுக்க இதே வேலை.

டிஸ்க்கை நட்டும் வாசரும் போட்டு இறுக்கி, வெளி விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே ஊசியை வைத்துச் சுற்றினேன். வலது 0.04 மில்லிமீற்றர். இடது 0.14. சுற்றும்போது ஊசி போய் வருவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. புது டிஸ்க் அது!

பிறகு டிஸ்க்கைக் கழற்றினேன். அதைப் பிடித்திருக்கிற இரண்டு சின்னத் திருகாணிகளையும் கழற்றினவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. தலை மொட்டையாகிவிடும் என்று பயந்து, சுத்தியலால் அடித்துத் திருப்புகிற திருப்புளி வாங்கி வந்துதான் எடுத்தேன். டிஸ்க்குக்குப் பின்னால் ஹப் முகத்தில் செதில் செதிலாகத் துரு. பண்ணைக் கடல் காற்றின் உபயம். அதற்கு மேலேயே புது டிஸ்க்கைப் போட்டுப் பூட்டியிருக்கிறேன் நான்.

துருவைச் சுரண்டி, கம்பித் தூரிகை போட்டு, வெறும் ஹப் முகத்தில் திரும்ப அளந்தேன். 0.09. இப்போது என்ன?

#11 அறிவியல்நகர்_பிள்ளை

ஹப் முகத்துக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 0.05. டிஸ்க் விளிம்பில் 0.10. ஹப்பில் இருக்கிற பிழை விளிம்புக்குப் போகும்போது ஆரை கூடுவதால் பெருகும். சுரண்டின பிறகும் 0.09 என்றால் துரு மட்டும் காரணம் இல்லை.

உங்கள் ஸ்டியரிங் உதறலுக்கும் இது விடை. டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள், அநேகமாக வளைவதில்லை. ஆடுகிற டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பாட்டை உரசும். அந்த இடம் தேயும், அல்லது பாட்டின் பொருள் அங்கே ஒட்டும். தடிப்பில் 0.02 வித்தியாசம் வந்தாலே கைக்குத் தெரியும். லேத்தில் சீவினால் ஒரு மாதம் நல்லாக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

#12 மானிப்பாய்_கராஜ்

பேரிங்தான். அல்லது ஹப். இரண்டையும் கழற்றாமல் சொல்ல முடியாது. அந்தப் பக்கப் பேரிங் கடைசியாக எப்போது போட்டது, யார் போட்டது? உண்மையைச் சொல்லும்.

கலிப்பர் வழுக்கி நகர்கிற சிலைட் பின்னையும் பாரும். சிவிக்குக்கு மிதக்கிற கலிப்பர். டிஸ்க் கொஞ்சம் ஆடினாலும் கலிப்பர் அதோடு சேர்ந்து நகர வேணும். அந்தப் பின் காய்ந்து இறுகியிருந்தால் கலிப்பர் அசையாது, தள்ளு முழுவதையும் பிஸ்டன் வாங்கும். மூன்றாவது சுற்றில் ஏன் தொடங்குகிறது என்றால், அப்போதுதான் டயர் சூடேறிப் பிடிக்கத் தொடங்குகிறது. பேரிங்குக்குள் கிறீஸும் அந்த நேரம் தண்ணியாகும்.

#13 கோண்டாவில்_ஈகே

போன வருசம் நானே போட்டேன். ஜீஐ குழாய்த் துண்டும் சுத்தியலும். நட்டை நீளக் குழாய் போட்டு பலம் உள்ள மட்டும் இறுக்கினேன்.

இனித் திட்டலாம்.

#14 மானிப்பாய்_கராஜ்

திட்டி என்ன பயன். வியாழன் பின்னேரம் பேரிங் உட்கார்ந்திருக்கிற நக்கிளைக் கழற்றிக்கொண்டு வாரும், பிரெஸ்ஸில் போடுவோம்.

#15 கட்டுடை_மார்ச்

இடையில் என் கதை. நிசான் மார்ச் கே11. சாலியபுரப் பக்கம் மண் தடத்தில் ஓடிவிட்டு வந்து, அனுராதபுரத்தில் டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்கினார்கள். ஒரு நட்டு காணாமல் போக, கையிலிருந்த டொயோட்டா நட்டைக் கொடுத்தேன். இரண்டு புரி கையால் போனது, பிறகு துப்பாக்கி பார்த்துக்கொண்டது. நிசான் ஸ்டட் 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரி இடைவெளி 1.25, டொயோட்டாவும் ஹொண்டாவும் அதே தடிப்பு, இடைவெளி 1.5. எனக்கு அது அப்போது தெரியாது.

வவுனியா தாண்ட முந்தி முன்னால் டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு நட்டு புரியைத் தின்றுவிட்டு வெளியே நிற்கிறது, பக்கத்து ஸ்டட் முறிந்து போயிருக்கிறது. முறிந்த துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. முகத்தில் பாதி மழமழவென்று, மட்டி ஓட்டில் இருக்கிற மாதிரி வரி வரியாக. மற்றப் பாதி சீனி கொட்டின மாதிரிச் சொரசொரப்பு. அந்த வரியெல்லாம் நாள்க்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்ததாம், சொரசொரப்பு கடைசி நிமிசத்தில் முறிந்ததாம். அப்படியென்றால் நட்டு தொலைய முந்தியே அந்த ஸ்டட் செத்துக்கொண்டிருந்தது. அனுராதபுரத்துக் கடையை மட்டும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு டோர்க் ரெஞ்ச் வாங்கினேன். ட்ராக்கால் வந்து சூடு ஆறின பிறகு திரும்ப ஒருக்கால் பார்ப்பேன்.

#16 ஸ்காபரோ_மாமா

சிவிக்குக்குச் சில்லு நட்டு 108 நியூட்டன் மீற்றர். ஹப்பின் நடு நட்டு 181. நடு நட்டை இறுக்காமல் காரை ஒரு அடிகூட உருட்டக் கூடாது. பேரிங்குக்குள் இரண்டு உள்வளையம், அவற்றை ஒன்றாக நெருக்கிப் பிடிப்பதே அந்த நட்டுத்தான். இறுக்காமல் பாரம் ஏற்றினால் அந்த நிமிசமே புதுப் பேரிங் பழசு.

#17 கோண்டாவில்_ஈகே

மானிப்பாய் அண்ணையின் பிரெஸ்ஸில் ஹப்பை வெளியே தள்ளினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஹப் கீழே விழுந்தது, உள்வளையம் ஒன்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வழக்கம் என்றார். அதை அரைத்து வெட்டும்போது ஹப்பில் ஒரு கீறல்கூடப் படக் கூடாது, கீறல் பட்ட இடத்தில்தான் பிறகு வெடிக்கும் என்று என் கையிலிருந்து கிரைண்டரைப் பறித்துவிட்டார்.

பழைய கிறீஸ் அடிப்பிடித்த பனங்கட்டிப் பாகு மாதிரி. மணமும் ஏறக்குறைய அதுதான், கொஞ்சம் இரும்பும் சேர்த்து. துடைத்துவிட்டு வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். ஓடுகிற வழியில் சரியாகக் குண்டுக்குக் குண்டு இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஈரச் சீமெந்தில் நகத்தால் அழுத்தின மாதிரி. ஓடித் தேய்ந்த தேய்மானம் இப்படி ஒழுங்காக இராது, இது உமது சுத்தியலின் கையெழுத்து என்றார் அண்ணை. உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளால் போய் வெளிவளையத்தில் இறங்கும். போட்ட அன்றைக்கே பேரிங் போய்விட்டது, ட்ராக் அதை எனக்குக் காட்டித் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இடது சிலைட் பின் ஒன்றை எடுக்கக் கைத்திருகி வேண்டியிருந்தது. ஸ்பேசரும் கழற்றியாயிற்று மாமா. கார் இப்போது பார்க்கக் கொஞ்சம் ஒடுங்கினவன் மாதிரி நிற்கிறது.

#18 மானிப்பாய்_கராஜ்

வாசிக்கிற மற்றவர்களுக்கு: பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் அழுத்த வேணும். ஹப்பை பேரிங்குக்குள் ஏற்றும்போது கீழே உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேணும். இதை மாற்றிச் செய்தால் பிரெஸ்ஸும் சுத்தியலும் ஒன்றுதான். பேரிங்கை முதல்நாள் இரவே பொலித்தீனில் சுற்றிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்தால் கெதியாக ஏறும்.

டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற தகட்டை காற்றுப் போகட்டும் என்று சிலர் வெட்டி எறிகிறார்கள். தார்த் தடத்தில் மட்டும் ஓடினால் சரி. மண் தடத்தில் ஓடுகிறவர் வெட்ட வேண்டாம். கல் உள்ளே போய் டிஸ்க்கை வரியும்.

#19 அறிவியல்நகர்_பிள்ளை

70 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்கு 45 பாகை குளிர்ந்தால் 0.036 சுருங்கும். ஏறுகிற இறுக்கமே சில நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர்தான், அதனால் நல்ல உதவி.

#20 கோண்டாவில்_ஈகே

குளிரூட்டி விசயத்தை அம்மாவிடம் சொல்லாமல் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். காலையில் மீன் என்று எடுத்துக் கழுவப் போயிருக்கிறார். அதோடு வீட்டில் கதைபேச்சு இல்லை.

பேரிங் ஏறியது. புது நடு நட்டு, 181. சிலைட் பின்னுக்குப் புது ரப்பரும் கிறீஸும். ஹப் முகம் 0.02, டிஸ்க் விளிம்பு 0.03. உதறல் போய்விட்டது. பரந்தன் வரை போய் வந்தேன், ரேடியோ சத்தம் இவ்வளவு தெளிவாக இந்தக் காரில் கேட்டதில்லை. பேரிங் இரைச்சலுக்கு என் காது பழகிப்போய் இருந்திருக்கிறது.

#21 கோண்டாவில்_ஈகே

ஐந்து கிழமைக்குப் பிறகு. கட்டுக்குருந்தவால் வந்தாயிற்று.

வலது வளைவு இருந்தது, நேர்ப்பாதை இருந்தது. மூன்றாவது சுற்று, கால் பெடலுக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. மிதித்தேன். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, ஒன்றும் இல்லை.

பிரச்சினை இல்லை என்றதும் நான் இன்னும் பிந்திப் பிடிக்கத் தொடங்கினேன். பத்தாவது சுற்றளவில் பெடல் கொஞ்சம் நீளம். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். இந்தத் தரம் இரண்டாம் மிதியில் கல்லாகவில்லை, பஞ்சாகவே இருந்தது. மெல்ல ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வந்தேன். கைப்பிறேக் போடாமல் கல் வைத்து நிறுத்தினேன். நின்ற பிறகும் பஞ்சுதான்.

கட்டுடைத் தம்பி, சொல், சொல்லு.

#22 கட்டுடை_மார்ச்

ஒயில் கொதிக்கிறது அண்ணை!!! இரண்டாவது பதிவிலேயே சொன்னேன்!!!

#23 அறிவியல்நகர்_பிள்ளை

ஆளோடு சேர்த்து 1100 கிலோ காரை 120இலிருந்து 60க்குக் கொண்டுவர 458 கிலோயூல் வெப்பம். ஒன்றரை லீற்றர் தண்ணியைக் கேத்திலில் வைத்து 30 பாகையிலிருந்து கொதிக்கவைக்கிற அளவு. ஒவ்வொரு நேர்ப்பாதை முடிவிலும் ஒரு கேத்தில், அதில் பெரும் பங்கு முன் டிஸ்க் இரண்டுக்கும். முன்பு பயந்து முந்திப் பிடித்ததால் ஒயிலுக்கு இந்தச் சூடு போய்ச் சேரவே இல்லை.

#24 மானிப்பாய்_கராஜ்

இப்ப ரேசிங் ஒயில் வாங்கும். நாலு மாதத்துக்கு முந்தி வாங்கியிருந்தால் அதுவும் வீண் காசு. பழைய ஒயிலை முழுதாக இறக்கிவிட்டு ஊற்றும், மிச்சத்தைப் போத்தலில் வைத்து அடுத்த வருசம் பாவிக்காதேயும். அது தண்ணியை இன்னும் கெதியாக உறிஞ்சும்.

#25 கட்டுடை_மார்ச்

அண்ணை, அந்த டயல் கேஜை ஒரு நாள் தர முடியுமா? நேற்றுச் சும்மா மார்ச்சின் வலது சில்லை ஆட்டிப் பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

#26 மானிப்பாய்_கராஜ்

சனிக்கிழமை பிரெஸ் சும்மாதான் நிற்கும். பேரிங்கை உங்கள் வீட்டுக் குளிரூட்டியில் வையும், கோண்டாவில் வீட்டுப் பக்கம் போகாதேயும்.